நான்காம் கட்டிலின் நோயாளி

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் நோயாளிகளைக் கையால் தொடமாட்டார். அதற்கென்று ஓர் அடிக்கோல் வைத்திருந்தார். பன்னிரண்டு அங்குலம், ஒரு பக்க ஓரத்தில் பித்தளைத் தகடு பதித்தது. ஜன்னலுக்கு உள்ளே அவர் நிற்பார். வெளியே மழையிலோ பனியிலோ வரிசை நிற்கும். அடிக்கோலால் தாடையை உயர்த்துவார், இமையைத் தள்ளுவார், வயிறு என்று சொன்னால் வயிற்றில் ஒரு குத்துக் குத்துவார். பிறகு அதைத் துணியால் துடைத்து, மேசையில் மைக்கூட்டுக்கு நேராக வைத்துவிட்டு, "நடிப்பு. பெரட்டுக்குப் போ," என்பார்.

பெரட்டு என்பது ஆட்களை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம். அது காலை ஆறு மணிக்கு. ஆஸ்பத்திரி ஜன்னல் ஐந்தரைக்குத் திறக்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் முப்பது பேரைக்கூட அவர் குணப்படுத்தி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருந்தது. நான் அங்கே பிரசவம் பார்க்கும் மிஸ்ஸியாக ஐம்பதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் படித்தது மருந்து கலக்க. ஆனால் தோட்டத்தில் எல்லாரும் 'டாக்டரையா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஒருபோதும் திருத்தியதில்லை. நகரத்திலிருந்து உண்மையான டாக்டர் வரும் நாளில் மட்டும் அந்தப் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

நடிப்பை அவர் வகை பிரித்து வைத்திருந்தார். காய்ச்சல் நடிப்பு, வயிற்று நடிப்பு, இடுப்பு நடிப்பு, திங்கட்கிழமை நடிப்பு. இடுப்பு நடிப்பு பெண்களுக்கு உரியது, மழைக்காலத்தில் கூடும் என்று எனக்கு முதல் வாரமே பாடம் சொன்னார். தெர்மாமீட்டரையும் அவர் நம்பவில்லை. வாயில் சூடாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறார்களாம். ஒருமுறை எனக்கே நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றேன். தெர்மாமீட்டரைப் பார்த்தார், உதறினார், பெட்டியில் வைத்தார்.

"மிஸ்ஸி, நீங்களுமா?" என்றார்.

இன்னொரு நாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவன் ஜன்னலுக்கு எதிரே மயங்கி விழுந்தான். டாக்டரையா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா விழுறான். அடிபடாம விழுறதுக்குப் பழக்கம் வேணும்," என்றார். மூன்று நாள் கழித்து அவன் நகரத்து ஆஸ்பத்திரியில் டைபாய்டில் படுத்திருக்கிறான் என்று செய்தி வந்தது.

"அங்கேயும் ஏமாத்திட்டானா?" என்று கேட்டார்.

இவ்வளவுக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அந்த வசதியை அவர் எங்களுக்குத் தரவில்லை. குடிக்கமாட்டார். பண்டிகைக்கு யாராவது சேவல் கொண்டுவந்தால், வந்தவர் கையிலேயே திருப்பி அனுப்புவார். சட்டைக்கழுத்து எப்போதும் வெள்ளையாக இருக்கும். பூட்ஸ் கிறீச்சிடும், அந்தச் சத்தம் பாதையின் வளைவிலேயே கேட்கும். குடும்பம் கண்டியில் இருந்தது. மாதம் ஒருமுறை அங்கே போய், போன மறுநாளே திரும்பிவிடுவார். அங்கே யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய சித்தாந்தம் இதுதான்: "வலிக்குதுன்னு சொல்றதுக்குத் தெம்பு இருந்தா வலி எங்க மிஸ்ஸி இருக்கு? வாயாலதான் வலிக்குது இவங்களுக்கு." கைக்குழந்தையைக்கூட அவர் முழுதாக நம்பியதில்லை. அது அழுகிறதே.

ஜூன் மாதம், தென்மேற்கு மழை பிடித்த இரண்டாவது வாரம், புதிய தொரை ஓர் உத்தரவு போட்டார். தேயிலை ஸ்டோரின் மேல் மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு மேலே, புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றின் எச்சம் கொழுந்தில் விழுகிறது, கூடுகளைக் கலைத்துவிடுங்கள் என்றார். ஸ்டோர் ஆட்கள் நீண்ட கம்பால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். பெரியவை பறந்துபோயின. ஒரு குஞ்சு மட்டும் தகரக் கூரையில் உருண்டு, கூரையோரத் தண்ணீர்ப் பீலியில் முட்டி, எங்கள் ஆஸ்பத்திரிப் படியில் வந்து விழுந்தது.

குஞ்சு என்று சொன்னேனே தவிர, பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. தலையில் மஞ்சள் மயிர் ஆங்காங்கே நின்றது. அலகு முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரியது. இடது இறக்கை கழன்ற குடைக் கம்பி மாதிரித் தொங்கியது. அது சத்தமே போடவில்லை. படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

நான் கூட்டித் தள்ள விளக்குமாற்றை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன். டாக்டரையா அதற்குள் கதவைத் திறந்து வெளியே வந்து, ஈரத் தரையில் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் அதை அள்ளினார். அவர் ஒரு நோயாளியைத் தொட்டதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"பாருங்க மிஸ்ஸி," என்றார் மெல்லிய குரலில். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. "எவ்வளவு வலி இருக்கும். ஒரு வார்த்தை சொல்லுதா?"

எங்கள் வார்டில் நான்கு கட்டில்கள். பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். நோயே இல்லாத தோட்டத்தில் யார் படுப்பது? நான்காம் கட்டிலில் ஒரு காலித் தேயிலைப் பெட்டி வைக்கப்பட்டது. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குக் கீழே வெந்நீர்ப் போத்தல். உடைந்த இறக்கையை மடித்து, உடம்போடு சேர்த்து எட்டு வடிவத்தில் கட்டினார். கட்டு இறுகாமலும் நழுவாமலும் இருக்கிறதா என்று சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பச்சைப்பயறை ஊறவைத்து, தோலை உரித்து, அலகை இரண்டு விரலால் திறந்து, நாக்கின் பின்புறம் ஒவ்வொரு பயறாக வைத்து ஊட்டினார். காதுக்குச் சொட்டு மருந்து விடும் கண்ணாடிக் குழாய் அன்றிலிருந்து தண்ணீர் ஊட்டும் குழாய் ஆனது. கழுத்துக்குக் கீழே இரைப்பை நிறைந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்து, "போதுமா?" என்று கேட்பார். அது பதில் சொல்லாது. அவருக்கு அதுதான் பிடித்தது.

தினமும் காலை என் குழந்தைத் தராசில் அதை நிறுத்தார். முதல் நாள் எட்டரை அவுன்ஸ். கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கியது. அதில் எடை, உணவு, எச்சத்தின் நிறம், எல்லாம் என் கையெழுத்தில். தலைப்பில் அவர் சொன்னபடி எழுதினேன்: 'இடது இறக்கை முறிவு. பூரண ஓய்வு.' 'பூரண ஓய்வு' என்ற சொற்களை அந்தக் கட்டடத்தில் நான் எழுதியது அதற்கு முன் இல்லை. எப்படி எழுதுவது என்று ஒரு கணம் யோசித்தேன். வார்டு ஜன்னலைத் திறக்கக்கூடாது, காற்றுப் படும் என்றார். என்னை மெதுவாக நடக்கச் சொன்னார்.

புறா வந்து பத்தாம் நாள் அங்கம்மா விழுந்தாள்.

அங்கம்மா கொழுந்து எடுப்பவள். முப்பது வயது இருக்கும். கணவன் இறந்து இரண்டு வருடம். லயத்துக் காம்பரா, வரிசை வீடுகளில் ஓர் அறை, அவள் பேரில் இருந்தது; அதில் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். தோட்டத்துச் சட்டம் எளிது. ஓய்வு என்று எழுதிய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு இல்லாமல் தொடர்ந்து வேலைக்கு வராதவளின் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவும் போகும்.

அவளிடம் ஒரு குறை உண்டு. நன்றாகப் பேசுவாள். எதையும் கதையாகத்தான் சொல்வாள். தோட்டத்தில் அவள் பேச்சைக் கேட்கவே நிரை மாற்றிக்கொண்டு வரும் பெண்கள் உண்டு. விழுந்த மறுநாள் காலை ஜன்னலுக்கு எதிரில், வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்று, வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"ஐயா, ஒம்பதாம் நம்பர் மலையில அந்தப் பெரிய பாறை இருக்குல்லீங்க, அதுக்கு மேல நின்னு எடுத்துக்கிட்டு இருந்தேங்க. மழைன்னா மழை, முன்னாடி நிக்கிற ஆளு தெரியாத மழை. காலு வழுக்கிச்சு பாருங்க, கூடையோட உருண்டு, தண்ணிக் கான்ல விழுந்து, கான்லேருந்து ரோட்டுக்கு வந்து..."

"ரோட்டுல பஸ் வந்துச்சா?" என்றார் டாக்டரையா.

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அங்கம்மாவும் சிரித்துவிட்டாள். அது பெரிய தவறு. அடிக்கோல் அவள் தோளில் ஒருமுறை தட்டியது.

"சிரிக்க முடியுது. இடுப்பு நடிப்பு இப்ப தோளுக்கு ஏறிடுச்சு. மிஸ்ஸி, சிவப்பு மருந்து குடுங்க, தேய்க்கட்டும். பெரட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. அவருடைய தோளுக்கு மேலாக வார்டைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டியில என்னங்க ஐயா?"

"புறா. இறக்கை முறிஞ்சிருக்கு."

"எனக்கும் அதாங்க."

"அது சொல்லிச்சா? நான் கண்டுபிடிச்சேன். நீ சொல்றே."

சிவப்பு மருந்தைக் கொடுக்கும் சாக்கில் அவளைப் பின் வாசலுக்கு அழைத்துத் தொட்டுப் பார்த்தேன். காறை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு முனையும் தோலுக்கு அடியில் தனித்தனியாக நின்றன. துண்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கில்லை. உள்ளே போய், "ஐயா, காறை எலும்பு மாதிரி இருக்குங்க," என்றேன்.

"உங்ககிட்ட அவ சொன்னாளா?"

"ஆமா."

"அதான்," என்றார்.

இரண்டு நாள் அவள் ஒற்றைக் கையால் கொழுந்து எடுத்தாள். நிறை போதாமல் இரண்டு நாளும் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போட்டார்கள். இரண்டாம் நாள் மாலை பின் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் சாம்பலாக இருந்தது. நான் ஒரு பழைய துணியால் கையைத் தூக்கிக் கட்டினேன்.

"மிஸ்ஸியம்மா, அந்தப் புறா அழுதுச்சா?"

"இல்ல."

"கத்துச்சா?"

"கத்தவும் இல்ல."

"சும்மாவா உக்காந்திருந்துச்சு?"

"சும்மாதான் உக்காந்திருந்துச்சு. பாத்துக்கிட்டு."

அவள் எதையோ யோசித்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அப்போது எனக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததாக யாரும் எழுதக்கூடாது.

மறுநாள் காலை ஜன்னலுக்கு எதிரில் அங்கம்மா நின்றாள். கூட அடுத்த காம்பரா மூக்காயி.

"என்ன?" என்றார் அவர்.

அங்கம்மா பேசவில்லை. அவரைப் பார்த்தாள்.

"உன்னைத்தான். அன்னிக்கு அவ்வளவு பேசினியே."

பேசவில்லை.

மூக்காயிதான் சொன்னாள். "பேச்சு போயிருச்சுங்க ஐயா. நேத்துப் பொழுது சாயயில இருந்து."

"எதையாவது பாத்துப் பயந்தாளா?"

"தெரியலீங்களே. அவதான் பேச மாட்டேங்கறாளே."

டாக்டரையா அடிக்கோலை எடுத்தார், தாடையை உயர்த்தினார், நாக்கைப் பார்த்தார். தோளில் தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்; தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கதவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அடிக்கோலைக் கால்சட்டைப் பையில் செருகினார். புறாவின் இரைப்பையைத் தடவும் அதே விரல்களை அவள் கழுத்துக்குக் கீழே வைத்து, மெல்ல மெல்லத் தோள் பக்கமாக நகர்த்தினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"முறிஞ்சிருக்கு," என்றார், புறாவோடு பேசும் குரலில்.

என் பக்கம் திரும்பியபோது அவர் முகம் பரீட்சையில் தேறியவன் முகம்போல இருந்தது. "காறை எலும்பு மிஸ்ஸி. எட்டுக் கட்டு போடணும். ஆறு வாரம் பூரண ஓய்வு. துண்டு எழுதுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க முந்தாநாள் ஏதோ காறை எலும்புன்னு சொன்னீங்க இல்ல? அது வேற ஆளு," என்றார்.

"ஆமாங்க ஐயா. அது வேற ஆளு," என்றேன்.

செய்தி லயங்களுக்குப் போக அன்று மாலை போதுமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் ஊமைகள். வியாழக்கிழமைக்குள் முழு வரிசையும் ஊமை. கூட வந்த ஒருவர் மட்டும், "என்னன்னு தெரியலீங்க ஐயா," என்று கைகட்டிச் சொல்வார். டாக்டரையா ஒவ்வொருவரையும் கையால் தொட்டுத் தேடவேண்டியதாயிற்று. ஒருவனின் அக்குளில் சீழ்க்கட்டி கண்டுபிடித்தார். ஒரு கிழவரின் வயிற்றில் குடலிறக்கம். ஒரு பெண்ணின் நாடியைப் பிடித்து முழு நிமிடம் எண்ணி, நகரத்து ஆஸ்பத்திரிக்கு லாரியில் அனுப்பினார். அங்கே அவளை ஒரு மாதம் வைத்துக்கொண்டார்கள். அவர் கெட்டிக்காரர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும். ஊமைகளில் சிலர் உண்மையிலேயே நடித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கும் துண்டு கிடைத்தது.

தோட்டம் முழுவதும் திடீரென்று பேச்சிழந்தது ஏன் என்ற கேள்வி அவருக்கு வராமல் இல்லை. குழாய்த் தண்ணீரில் குற்றம் என்று முடிவு செய்தார். ஒரு மருந்துப் போத்தலில் தண்ணீர் பிடித்து, அரக்கு வைத்து, நகரத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். மாலையில் லயங்களிலிருந்து எழும் கூச்சல் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கும். அங்கம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்கும். "அவங்களுக்குச் சாயங்காலம் பேச்சு வந்துடுது போல இருக்குங்களே ஐயா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "காலைப் பனியில தொண்டை அடைக்குது, வெயில் ஏறினதும் தெளியுது," என்றார் உடனே. தண்ணீர் நல்ல தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம் என்று நகரத்திலிருந்து பதில் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

இதற்கிடையில் நான்காம் கட்டிலின் நோயாளிக்கு மஞ்சள் மயிர் உதிர்ந்து, கழுத்தில் பச்சை மினுக்கம் வந்துவிட்டது. நாலாவது வாரம் கட்டை அவிழ்த்தார். இறக்கை நேராகக் கூடியிருந்தது. ஆனால் அவர் உள்ளே வந்தாலே அது இறக்கையைக் கீழே தொங்கவிட்டு, உடம்பைக் குலுக்கி, கீச்சுக் குரலில் முனகும். "இன்னும் வலி இருக்கு," என்பார். பயறு ஊட்டுவார். தாளில் இன்னொரு வாரம் பூரண ஓய்வு ஏறும்.

ஐந்தாம் வாரம் ஒரு நாள் அவர் மருந்துப் பட்டியலோடு ஆபீசுக்குப் போயிருந்தார். நான் வார்டுக் கதவைத் திறந்தேன். புறா மருந்து அலமாரியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பறந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, முதல் கட்டிலின் கம்பியில் இறங்கி, மறுபடி எழுந்து, விளக்கின் மேல் அமர்ந்தது. களைத்த மாதிரியும் தெரியவில்லை. பாதை வளைவில் பூட்ஸ் கிறீச்சிட்டது. அது நேராக நான்காம் கட்டிலுக்குப் பறந்து, பெட்டிக்குள் இறங்கி, இடது இறக்கையைத் தொங்கவிட்டது.

அந்தத் தோட்டத்தில் நான் இருந்த காலம் முழுவதும், நடிப்பு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு நோயாளியை அன்றுதான் பார்த்தேன்.

கட்டு மாற்ற வந்த அங்கம்மாவுக்குக் காட்டினேன். அவள் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நம்மள விடக் கெட்டிக்காரியா இருக்காளே மிஸ்ஸியம்மா." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயாவுக்குத் தெரிஞ்சா?"

அதுதான் விஷயம். பேசாத சீவன் பொய் சொல்லாது என்ற ஒரே நம்பிக்கையில் அங்கம்மாவின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய எலும்பு அப்போது மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. முனைகள் ஒட்டத் தொடங்கியிருந்தன; அவ்வளவுதான். இப்போது கூடையைத் தலையில் மாட்டினால் மறுபடி விலகும். அப்புறம் அந்தக் கை தலைக்கு மேலே போகாது. கை போனால் பேர், பேர் போனால் காம்பரா.

அன்றிலிருந்து வரிசை முழுவதும் காவல் காத்தது. வார்டின் கண்ணாடி வழியாகப் புறா பறப்பது தெரிந்தால் யாராவது இருமுவார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டால் மூக்காயி கதவைத் தட்டுவாள். கங்காணி, கவ்வாத்து ஆட்கள், பால் வாங்க வரும் தாய்மார், எல்லாருக்கும் தெரியும். ஒரு புறா குணமாகிவிட்டதை முந்நூறு பேர் சேர்ந்து மறைத்தோம்.

பூட்ஸ் தைக்கப் போன நாளில்தான் அகப்பட்டோம். அவர் கான்வாஸ் சப்பாத்தில் வந்திருக்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை. கட்டு மாற்றுவதற்காக அங்கம்மா முதல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஆறு பேர் சுவரோரம் நின்றார்கள். புறா விளக்கிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து விளக்குக்குமாகப் பறந்துகொண்டிருந்தது. டாக்டரையா வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

புறா அவரைப் பார்த்தது. பெட்டிக்குள் இறங்கியது. இறக்கையைத் தொங்கவிட்டது. அவசரத்தில் வலது இறக்கையை.

அங்கம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். துண்டு முடியப் பத்து நாள் இருந்தது. அவர் புறாவைப் பார்த்தார், பிறகு அங்கம்மாவின் கட்டைப் பார்த்தார், பிறகு சுவரோரம் நின்ற ஆறு ஊமைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தச் சொல் அவர் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

புறா முனகியது.

அவர் போய்ப் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். வலது இறக்கையை விரித்தார், மடித்தார், ஒவ்வொரு எலும்பாகத் தடவினார். நிமிர்ந்தபோது முகம் கவலையால் கறுத்திருந்தது.

"மிஸ்ஸி, வலி வலது பக்கத்துக்கு மாறியிருக்கு," என்றார். "எழுதிக்குங்க. இன்னும் ரெண்டு வாரம் பூரண ஓய்வு."

எழுதினேன். அங்கம்மாவின் பிடி தளர்ந்தது.

ஆறு வாரம் முடிந்த அன்று காலை அவளுடைய கட்டை அவிழ்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். எலும்பு ஒட்டி, மேலே ஒரு சின்ன மேடு நின்றது. கையை முன்னால் நீட்டச் சொன்னார், பின்னால் மடக்கச் சொன்னார். "குணம். பெரட்டுக்குப் போகலாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பயறுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான்காம் கட்டிலுக்குப் போனார்.

"சரிங்க ஐயா," என்றாள் அங்கம்மா.

அவர் திரும்பினார். "பேச்சு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க. வந்த வாயோட ஒண்ணு சொல்லிப்புடறேங்க. இந்தப் புறா நல்லா பறக்குதுங்க. நீங்க அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் பறக்குது. நீங்க வந்தா நொண்டி அடிக்குது. ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுதுங்க."

வெளியே ஜன்னல் வரிசையில் எட்டு ஊமைகள் நின்றார்கள். அவர்கள் காது கேட்காதவர்கள் இல்லை. நான் அவளை முறைத்தேன். டாக்டரையா அவளைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"பேச்சு வந்த முதல் நாளே ஆரம்பிச்சிட்டியா?"

"மிஸ்ஸியம்மாவைக் கேளுங்க."

"மிஸ்ஸி?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா," என்றார் அவளிடம். பயறை எண்ணத் தொடங்கினார்.

அன்று மாலை அவளைத் திட்டினேன். "சொன்னா நம்ப மாட்டாருன்னு தெரிஞ்சுதானே சொன்னேன்," என்றாள். "ஆறு வாரம் மூடி வச்ச வாயி மிஸ்ஸியம்மா. எதையாவது நெசமா சொல்லணும்போல இருந்துச்சு."

ஆனால் அன்று காலை அவள் அதோடு போய்விடவில்லை. "இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கீங்களோ," என்று சொல்லிக்கொண்டே வார்டு ஜன்னலுக்குப் போனாள். அதன் கொண்டி தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருக்கும். அவள் இடது கையை உயர்த்தினாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. கை நிற்காமல் மேலே போயிற்று. கொண்டியை இழுத்து, கதவு இரண்டையும் தள்ளித் திறந்தாள். ஏறக்குறைய எட்டு வாரத்துக்குப் பிறகு வார்டுக்குள் மலைக்காற்று வந்தது.

புறா பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. இறக்கையைத் தொங்கவிட மறந்துவிட்டது. டாக்டரையாவின் விரலில் ஒரு பயறு இருந்தது. அதை அது வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக வெளியே போய், தாழ்ந்து, பிறகு நன்றாக உயர்ந்து, மூன்றாம் நம்பர் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டோர்க் கூரையின் முகட்டில் போய் உட்கார்ந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஜன்னல் வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"பறக்குதுங்க," என்றாள் அங்கம்மா.

"அது பறக்கறது இல்ல. பயத்துல போயிருக்கு," என்றார் அவர். பயறை மறுபடி கிண்ணத்தில் போட்டார். கண்ணைத் துடைத்தாரா, மூக்கைத் துடைத்தாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

அங்கம்மா கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். பெரட்டுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அவர் மேசைக்கு வந்து, இரண்டு தாளையும் என் முன்னால் வைத்து, நின்றபடியே சொன்னார். நான் எழுதினேன். அங்கம்மாவின் தாளில்: 'பூரண குணம். வேலைக்குத் தகுதி.' புறாவின் தாளில்: 'குணமாகுமுன், வைத்தியர் சொல்லைக் கேளாமல் வெளியேறியது.'

இரண்டில் ஒன்று சரியாக இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது நல்ல நாள்.